நிமிடத்துக்கு ஒரு குடம்

சென்னைக் குடியிருப்போர் நலச்சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும், வாசலில் நாலு செடியும் அதற்கென்று ஒரு பச்சை டியூபும் வைத்திருக்கும் தனிவீட்டுக்காரர்களுக்கும் ஒரு மடல்.

உங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது. பால் அரை லிட்டர் பாக்கெட்டாக வருகிறது. அரிசியை ஆழாக்கில் அளந்து போடுகிறீர்கள். சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, இந்த முறை ஏன் ஐந்து நாள் முன்னாலேயே தீர்ந்தது என்று விசாரணை நடத்துகிறீர்கள். கரண்ட் ரீடிங் எடுக்க ஆள் வரும் வாரத்தில், 500 யூனிட்டைத் தாண்டிவிடுமோ என்று ஏ.சி.யின் மேல் ஒரு கண் இருக்கிறது. குடிக்கிற தண்ணீர்கூட 20 லிட்டர் கேனாக எண்ணித்தான் உள்ளே வருகிறது. அதே வீட்டு வாசலில் சுருண்டு கிடக்கும் டியூபுக்கு மட்டும் கணக்கே கிடையாது. யாரோ திறக்கிறார்கள், எப்போதோ மூடுகிறார்கள்.

"உங்கள் டியூபில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "நல்லா ஃபோர்ஸா வரும்" என்பீர்கள். "மோட்டார் போட்டா பிச்சுக்கிட்டு வரும், டேங்க் தண்ணின்னா கொஞ்சம் மெதுவா" என்பீர்கள். எண் வராது. அந்த ஓர் எண்ணைக் கேட்டு வாங்கத்தான் இந்த மடல்.

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரை அரை இஞ்ச் டியூப் வழியாகத் திறந்துவிட்டால், பெரும்பாலான வீடுகளில் நிமிடத்துக்கு 12 முதல் 18 லிட்டர் வரை கொட்டும். இங்கிலாந்தின் தண்ணீர் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் கணக்கு மணிக்கு 1,000 லிட்டர். அதுவும் நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 லிட்டர்தான். இப்போது தெருமுனையில் அடிபம்புக்கு அருகே வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடங்களில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு சுமார் 15 லிட்டர். அதாவது உங்கள் டியூப் நிமிடத்துக்கு ஒரு குடம் கொட்டுகிறது. நீங்கள் செல்போனில் பேசிக்கொண்டே வாசல் சிமென்ட்டை நனைக்கும் அரை மணி நேரத்தில் 30 குடம். இதை யாராவது ஒரு பெண் இடுப்பில் சுமந்து கொண்டுவந்து உங்கள் வாசலில் கொட்டுகிறாள் என்று வைத்துக்கொண்டால், பத்தாவது குடத்திலேயே "போதும்மா, போதும்" என்று பதறிப்போய்த் தடுத்திருப்பீர்கள்.

இது தோராயக் கணக்கு. உங்கள் வீட்டு எண் இதைவிடக் குறைவாக இருக்கலாம், இரண்டு மடங்காகவும் இருக்கலாம். அளந்தால்தான் தெரியும். அளப்பதற்கு இன்ஜினியர் வேண்டாம், கருவி வாங்க வேண்டாம். சென்னையில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரு தரமான அளவுப் பாத்திரம் ஏற்கெனவே இருக்கிறது: தண்ணீர் கேன். அதில் பிடிக்கும் தண்ணீர் 20 லிட்டர். வாளியை நம்பாதீர்கள். ஒரு வாளி 13 லிட்டர், இன்னொன்று 18, அடுத்தது 25. கடையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் என்றைக்கோ உரிந்து போயிருக்கும். காலி கேனை எடுத்துக்கொள்ளுங்கள். (தண்ணீர்க்காரர் திருப்பி எடுத்துப்போகும் கேனில் போர் தண்ணீரைப் பிடித்தால் அவர் சண்டைக்கு வருவார், அது நியாயமும்கூட. மூலையில் விரிசல் மூடியோடு கிடக்கும் பழைய கேனை எடுங்கள்.) வழக்கமாகத் தோட்டத்துக்கு எவ்வளவு திறப்பீர்களோ அவ்வளவு குழாயைத் திறந்து, டியூப் நுனியைக் கேனின் வாய்க்குள் விட்டு, அதே நொடியில் செல்போன் ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். கழுத்து வரை நிரம்பியதும் நிறுத்துங்கள். 1,200-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது வந்துவிடும். 80 நொடி ஆனால் 15 லிட்டர். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் 20. நாற்பதே நொடியில் நிரம்பிவிட்டால் 30. அப்படியென்றால் உங்கள் வீட்டில் இருப்பது டியூப் அல்ல, சின்ன மதகு.

ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்து அளந்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அது நான்கு நொடியில் நிரம்பிவிடும். ஸ்டாப்வாட்சைத் தட்டுவதில் விரல் அரை நொடி தாமதித்தாலே விடை எட்டில் ஒரு பங்கு பிசகிவிடும். கேனுக்கு 80 நொடி ஆகும்போது அதே அரை நொடிப் பிழை ஒரு சதவீதம்கூட வராது. பாத்திரம் எவ்வளவு பெரிதோ, விடை அவ்வளவு நம்பகமானது.

எப்போது அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மேல்மாடியில் ஒருவர் குளித்துக்கொண்டிருந்தால் கீழே வேகம் குறையும். தொட்டி நிறைந்திருக்கும்போது ஓர் அளவு, அடிமட்டத்தில் கிடக்கும்போது வேறோர் அளவு. மோட்டாரிலிருந்து நேராக டியூப் போட்டிருக்கும் வீடுகளில் கதையே வேறு. ஆகவே நீங்கள் வழக்கமாகத் தண்ணீர் பாய்ச்சும் நேரத்திலேயே, வழக்கமான டியூப் நீளத்தோடு, மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். டியூபின் அகலம் செய்யும் வேலையையும் பலர் குறைத்து எடைபோடுகிறார்கள். அரை இஞ்ச்சுக்குப் பதில் முக்கால் இஞ்ச் வாங்கினால் தண்ணீர் ஒன்றரை மடங்கு வரும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நீளமான டியூபில் உராய்வுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பதால், அதே தொட்டி, அதே நீளத்துக்குக் கணக்குப்படி இரண்டரை மடங்குக்கும் மேலே போய்விடும். கடைக்காரர் "சார், முக்கால் இஞ்ச் போட்டுக்கங்க, வேலை சீக்கிரம் முடியும்" என்று சொல்வார். வேலை சீக்கிரம் முடியாது. அதே அரை மணி நேரம்தான் நிற்பீர்கள். தண்ணீர் மட்டும் இரண்டரை மடங்கு ஓடியிருக்கும்.

டியூப் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் பீறிட்டுத் தெறிக்கும். அப்போது தண்ணீர் அதிகம் வருகிறது என்று ஒரு பிரமை உண்டு. வேகம்தான் கூடுகிறது. வாய் குறுகியதால் அளவு உண்மையில் கொஞ்சம் குறைகிறது. கண்ணுக்குத் தெரிவது வேகம், செலவாவது அளவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் மெதுவாக வழியும் டியூபை "சும்மா கசியுது" என்று மணிக்கணக்கில் மாமரத்தடியில் போட்டுவைக்கிறீர்கள்.

கேனும் இல்லை, அடுத்த வீட்டு டியூபைத் தூரத்தில் இருந்தே மதிப்பிட வேண்டும் என்றால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. அரை இஞ்ச் டியூபைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், அதாவது இடுப்பு உயரத்தில், நேர்கிடையாகப் பிடிக்கும்போது தண்ணீர் எத்தனை தூரத்தில் தரையைத் தொடுகிறது என்று பாருங்கள். எந்த வேகத்தில் வெளியே வந்தாலும் ஒரு மீட்டர் கீழே விழத் தண்ணீருக்கு ஏறக்குறைய 0.45 நொடிதான் ஆகும். தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம். வேகத்தை டியூப் வாயின் பரப்பால் பெருக்கினால் அளவு. சுருக்கமாக, தூரத்தை மீட்டரில் எடுத்து 17-ஆல் பெருக்குங்கள். 90 சென்டிமீட்டரில் விழுந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர், அதே ஒரு குடம். நுனியில் ஸ்பிரே கன் மாட்டியிருக்கக் கூடாது, விரல் வைக்கக் கூடாது, டியூப் வாய் நிறையத் தண்ணீர் வர வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

போர் போடும்போது நீங்களே இதைவிடக் கடினமான கணக்கைக் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். வண்டிக்காரர் பலகையில் வெட்டிய வி வடிவக் காடியைப் பார்த்து, "ரெண்டு இஞ்ச் தண்ணி இருக்கு சார்" என்று சொன்னதும் முகம் மலர்ந்தது. அந்த இரண்டு இஞ்ச் என்பது காடியில் வழியும் தண்ணீரின் உயரம். ஒரு இஞ்ச் என்றால் மணிக்கு ஏறக்குறைய 500 லிட்டர். இரண்டு இஞ்ச் என்றால் 1,000 அல்ல, கிட்டத்தட்ட 2,900 லிட்டர். பூமிக்குள்ளிருந்து வருவதை இவ்வளவு நுணுக்கமாக அளக்கச் செய்து, அதற்குக் காசும் கொடுத்தீர்கள். டியூப் வழியாக வெளியே போவதை அளக்க மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை.

சரி, எண் கிடைத்துவிட்டது. அதை வைத்து வீட்டின் மொத்தக் கணக்கைப் போடலாம். சென்னையில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்குத் தண்ணீர் மீட்டர் கிடையாது, ஆகவே தொட்டிதான் மீட்டர். காலை ஆறு மணிக்குத் தொட்டியை நிரப்பி மோட்டாரை அணைத்துவிடுங்கள். மறுநாள் காலை வரை போடாதீர்கள். தொட்டி வட்டமாக இருந்தால், உட்புறக் குறுக்களவு 1.1 மீட்டர் என்று வைத்தால், தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் இறங்குவது ஒன்பதரை லிட்டர். ஒரு நீண்ட குச்சியை விட்டு நனைந்த இடத்தைப் பார்த்தாலே போதும். நாலு பேர் உள்ள ஒரு வீட்டில் அன்றைக்கு 950 லிட்டர் இறங்கியிருக்கிறது, டியூப் நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் அரை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டியூப் குடித்தது 450. குளியல், சமையல், கழிப்பறை, துணி, பாத்திரம் எல்லாம் சேர்த்து மிச்சம் 500. தலைக்கு 125 லிட்டர். பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் குடிநீர்த் திட்டங்களுக்கு வைத்திருக்கும் அளவுகோல். ஆக, வீட்டுக்குள் அந்தக் குடும்பம் சிக்கனக்காரக் குடும்பம். வாசலையும் சேர்த்தால் தலைக்கு 237.

இந்த இடத்தில்தான் உங்கள் மேல் ஒரு வருத்தம். சங்கக் கூட்டங்களில் தண்ணீர்ச் சிக்கனம் என்று பேச்சு வந்தாலே அது உள்ளே இருப்பவர்கள் தலையில்தான் விழுகிறது. வேலைக்கார அம்மா பாத்திரம் தேய்க்கும்போது குழாயை மூடுவதில்லை என்பீர்கள். வாடகைக்கு இருக்கும் பேச்சலர் பையன்கள் அதிகம் குளிக்கிறார்கள் என்று குறை வரும். மூன்றாவது மாடி மாமி தினமும் துணி துவைக்கிறார் என்று கிசுகிசுப்பீர்கள். நோட்டீஸ் போர்டில் "ஷவர் வேண்டாம், வாளியில் குளிப்போம்" என்று தாள் ஒட்டுவீர்கள். அந்த நோட்டீஸ் போர்டுக்குக் கீழேயே டியூப் ஓடிக்கொண்டிருக்கும், மொசைக் படிக்கட்டைக் கழுவிக்கொண்டு.

செடிக்கு எவ்வளவு வேண்டும் என்றும் பார்த்துவிடலாம், பாவம் அதன் பெயரில்தானே எல்லாம் நடக்கிறது. சென்னையின் கத்திரி வெயிலில் நன்றாக இலை மூடிய ஒரு பாத்தியிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகிப் போகும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது சரியாக ஒரு லிட்டர். நூறு சதுர அடித் தோட்டம் என்றால் 9.3 சதுர மீட்டர், ஆகவே தேவை 56 லிட்டர். உங்கள் டியூப் அதை நான்கு நிமிடத்துக்குள் கொடுத்துவிடும். தொட்டிச் செடிகள் வேகமாகக் காயும், மணல் மண் தண்ணீரைப் பிடித்துவைக்காது, எல்லாம் சரி. தாராளமாக இரண்டு மடங்கு கொடுங்கள், எட்டு நிமிடம் ஆகட்டும். மீதி இருபத்திரண்டு நிமிடம் செம்பருத்தி குடிக்கவில்லை. அது வாசல் சரிவில் இறங்கி, ரோட்டோரம் மழைநீர் வடிகாலுக்குள் போய்ச் சேர்ந்தது.

கார் கழுவுவதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. டியூப் ஓட ஓடக் கழுவினால் இருபது நிமிடத்தில் 300 லிட்டர். இரண்டு வாளியும் ஒரு துணியும் என்றால் 40.

இதை லாரியில் வைத்துப் பார்த்தால் உறைக்கும். தினமும் அரை மணி நேர டியூப், நாளைக்கு 450 லிட்டர் வீதம், இருபத்தேழே நாளில் 12,000 லிட்டர் லாரி ஒன்றைக் காலி செய்துவிடும். கோடையில் லாரிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று உங்கள் சங்கப் பொருளாளரைக் கேளுங்கள். அந்தத் தொகையை வீட்டு எண்ணிக்கையால் வகுத்துத்தானே பராமரிப்புக் கட்டணத்தில் ஏற்றினீர்கள்? நான்கு குடம் தண்ணீரில் நாளை ஓட்டும் ஒண்டிக்கட்டைப் பாட்டியும் அந்த லாரிக்குச் சமபங்கு கட்டினார்.

2019-ஐ இவ்வளவு சீக்கிரம் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கிலும் சேர்த்து, மொத்தக் கொள்ளளவான 11,257 மில்லியன் கன அடியில் ஒரு சதவீதம்கூடத் தண்ணீர் இல்லை. ஏரியின் நடுவே மண் வெடித்துக் கிடந்த படங்கள் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து நின்றது. மாலை மரியாதையோடு வரவேற்றார்கள், டி.வி. நேரலையில் பார்த்தீர்கள். 200 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி வந்த அந்த ரயிலின் மொத்தத் தண்ணீரும், 5,555 வீட்டு வாசல்களில் ஒரு நாள் அரை மணி நேரம் டியூப் ஓடினால் தீர்ந்துபோகும். சென்னையில் 5,555 டியூப் இருக்காதா?

நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகள் தெரிந்தவைதான். முதலாவது: "எங்கள் போர், எங்கள் கரண்ட், எங்கள் தண்ணீர்." போர் உங்களுடையது, சந்தேகமில்லை. அது உறிஞ்சும் நிலத்தடி நீருக்குக் காம்பவுண்டுச் சுவர் கிடையாது. மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவந்தது, அங்கே இறைத்தவர்களும் தங்கள் தங்கள் கிணற்றில்தான் இறைத்தார்கள். சென்னைப் பெருநகருக்கென்று நிலத்தடி நீரை முறைப்படுத்தும் சட்டம் 1987-லேயே வந்தது என்பதைக் கடற்கரைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது: "ஊற்றுவது மண்ணுக்குள்தானே போகிறது." மண் எங்கே இருக்கிறது? வாசலை முழுக்க டைல்ஸ் போட்டு, பார்க்கிங்குக்கு பேவர் பிளாக் பதித்து, மரத்தைச் சுற்றிக்கூடச் சிமென்ட் வளையம் கட்டிவிட்டு மண்ணைப் பற்றிப் பேசுவது அழகல்ல. 2003-இல் கட்டாயமாக்கியபோது அவசர அவசரமாகத் தோண்டிய மழைநீர்த் தொட்டியை அதற்குப் பிறகு எத்தனை முறை தூர் வாரினீர்கள் என்ற கேள்வியையும் இங்கேயே வைத்துவிடலாம்.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் சாமர்த்தியமானது: "வருஷா வருஷம் வெள்ளத்தில் மிதக்கிற ஊருக்குச் சிக்கனப் பாடமா?" 2015 டிசம்பரில் மிதந்தோம், 2019 ஜூனில் வறண்டோம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் மிதந்தோம். இரண்டும் இந்த ஊரின் குணம். வெள்ளத்தில் வந்த தண்ணீர் உங்கள் டியூபுக்காகக் காத்திருக்கவில்லை, கடலுக்குப் போய்விட்டது. போனதை இப்போது கடலிலிருந்தே திருப்பி எடுக்கிறோம். மீஞ்சூரில் 2010 முதலும் நெம்மேலியில் 2013 முதலும் நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர். 2024-இல் நெம்மேலியில் இன்னும் 15 கோடி லிட்டர் ஆலை. கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகிறது. தென்சென்னையில் மெட்ரோ வாட்டர் குழாயில் டியூபை மாட்டி வாசல் கழுவுகிறவர்கள், அந்த அரை மணி நேரத்தில் கடலோரத்தில் ஒன்றரை யூனிட் எரிய வைக்கிறார்கள். ஏ.சி.யை அணைத்து மிச்சம் பிடித்த யூனிட் எங்கே போனது என்று இப்போது தெரியும்.

ஊர் ஊராகப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. தண்ணீர்த் தட்டுப்பாடு வரும்போது அரசாங்கங்கள் முதலில் கைவைப்பது டியூபில்தான். இங்கிலாந்தில் 2010-ஆம் ஆண்டின் சட்டப்படி, வறட்சியில் தண்ணீர் நிறுவனங்கள் டியூபைத் தடை செய்யலாம். மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம். 2022 ஆகஸ்ட் 24 அன்று லண்டன் பக்கம் அந்தத் தடை வந்தது. வேடிக்கை என்னவென்றால், காரைக் கழுவக் கூடாது என்று அந்தத் தடை சொல்லவில்லை. செடிக்கு ஊற்றக் கூடாது என்றும் சொல்லவில்லை. வாளியிலும் பூவாளியிலும் தாராளமாக ஊற்றலாம், டியூப் மட்டும் கூடாது. மழைக்குப் பேர்போன ஒரு நாடு இந்த வித்தியாசத்தைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. கேப்டவுனில் 2018 பிப்ரவரியில் ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். உங்கள் டியூபுக்கு அது மூன்றே நிமிடம் இருபது நொடி. இவ்வளவு தூரம் போக வேண்டாம், 2024 மார்ச்சில் பெங்களூருவில் குடிநீரை வைத்துக் கார் கழுவியதற்கும் தோட்டத்துக்குப் பாய்ச்சியதற்கும் வீட்டுக்கு 5,000 ரூபாய் வீதம் 22 குடும்பங்களிடம் அபராதம் வசூலித்தார்கள். அபராதம் வந்த பிறகு அளப்பதைவிட, அதற்கு முன்னால் அளப்பது கௌரவம்.

வாளிக்கும் டியூபுக்கும் உள்ள வித்தியாசம் நம் பாட்டன்களுக்குச் சட்டம் இல்லாமலேயே தெரிந்திருந்தது. ஏற்றம் இறைத்தவர்கள் ஒவ்வொரு சாலுக்கும் ஓர் எண்ணைச் சொல்லிப் பாடினார்கள்; களைப்பு மறக்கப் பாடிய பாட்டிலேயே இன்று எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கும் ஓடியது. ஏரிப் பாசனத்தில் இன்ன வயலுக்கு இத்தனை நேரம் என்று, தண்ணீரைப் பங்கிட்டுவிடும் நீர்க்கட்டி முறை வைத்துத் திறந்துவிட்டார். அடியில் துளையிட்ட வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது நிரம்பி மூழ்கும் நேரத்தை ஒரு நாழிகை என்று எண்ணினார்கள். தண்ணீரைக் கொண்டு நேரத்தை அளந்த ஊர் இது. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். உங்கள் டியூபுக்கு அது 360 லிட்டர். தூக்கிச் சுமந்தவரைக்கும் தோள்பட்டை கணக்குச் சொன்னது. டியூப் வந்ததும் கை வலிக்கவில்லை, கணக்கும் நின்றுபோனது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அந்த டியூபைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் நீங்கள் அல்ல. வாட்ச்மேன் அண்ணனோ தோட்டக்காரரோதான். வாசல் ஈரமாக இருந்தால்தான் காலையில் வேலை நடந்திருக்கிறது என்று சங்கச் செயலாளர் நம்புவார் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே ஈரமாக்குகிறார். அளவு கேட்கிற கேள்வியை அவர்மேல் போடாதீர்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் லாரி வருகிறதா என்று குடத்தோடு நிற்கிறவர் அவர். நிமிடத்துக்கு ஒரு குடம் என்று சொன்னால் உங்களைவிட வேகமாக அவருக்குப் புரியும். "எட்டு நிமிஷம் போதும், தரையைப் பெருக்கினால் போதும், நனைக்க வேண்டாம்" என்று அவரிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

கேட்பது பெரிய காரியம் இல்லை. மாடியில் சோலார் போடுங்கள் என்றோ, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கு லட்சக்கணக்கில் நிதி திரட்டுங்கள் என்றோ இந்த மடல் கேட்கவில்லை. செடிகளை எடுத்துவிடுங்கள் என்றும் கேட்கவில்லை. செம்பருத்தியும் நந்தியாவட்டையும் இல்லாத வாசலில் வெயில்தான் குடியிருக்கும். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் கட்டடத்தின் டியூபை ஒருமுறை அளந்து பாருங்கள். வந்த எண்ணைக் குழாய்க்கு மேலே சுவரில், பெயிண்டால், குழந்தைகளும் படிக்கும்படி பெரிதாக எழுதுங்கள்: நிமிடத்துக்கு இத்தனை லிட்டர். பக்கத்தில் ஆணியடித்து ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, திறந்த நேரத்தையும் மூடிய நேரத்தையும் ஒரு மாதம் எழுதச் சொல்லுங்கள். கையை விட்டதும் தானே மூடிக்கொள்ளும் கன் ஒன்றை டியூப் நுனியில் மாட்டுங்கள், ஹார்ட்வேர் கடையில் சில நூறு ரூபாய்தான். மாதக் கடைசியில் மொத்த லிட்டரைப் பராமரிப்புக் கணக்கோடு சேர்த்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள், ஷவர் வேண்டாம் என்ற அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே. அடுத்த பொதுக்குழுவில் தண்ணீரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், யார் எத்தனை முறை குளிக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு அந்த எண்ணை எடுத்து வைத்துப் பேசுங்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பழைய கேனோடு கீழே வாருங்கள். வாட்ச்மேன் அண்ணனையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், நேரம் பார்க்க ஒரு பையன் போதும். அளந்து முடித்த 20 லிட்டரைச் சாக்கடையில் கவிழ்க்க வேண்டாம், அந்தச் செம்பருத்திக்கே ஊற்றிவிடலாம்.